இந்தோனேசியாவின் பயில்வான்கள்: பட்டம் வாங்கியவர்களும் வாங்காதவர்களும்

நீங்கள் எழுதியது இரண்டு வரி. சுகர்ணோ, சுகார்த்தோ தவிர இந்தோனேசியாவில் யாரையும் தெரியாது, வரலாறு, அரசியல், கலை, விளையாட்டு எல்லாம் கலந்து ஒரு பத்துப் பேர் சொல்லுங்கள் என்பது முதல் வரி. தேடினால் கண்ணில் படுகிறவர்கள் எல்லாருக்கும் 'தேசிய வீரர்' என்று போட்டிருக்கிறது, அதில் யார் நிஜமாகவே பெரிய ஆள் என்று பிடிபடவில்லை என்பது இரண்டாவது வரி. பத்துப் பேர் பட்டியல் எங்கேயும் கிடைக்கும். உங்களை உறுத்துவது இரண்டாவது வரிதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

கல்லூரியில் இருபத்திரண்டு வருடம் தென்கிழக்கு ஆசிய வரலாறு நடத்தியவன் நான். இந்தோனேசிய மொழியில் செய்தித்தாளும் நாவலும் சிரமமில்லாமல் படிப்பேன். டச்சு தெரியாது, பழைய ஜாவா மொழியும் தெரியாது. அதனால் காலனிக்கால ஆவணங்களைப் பொறுத்தவரை மொழிபெயர்ப்பையும் மற்றவர்களின் ஆய்வையும் நம்பித்தான் பேசுகிறேன். பேட்மிண்டனில் வெறும் ரசிகன். அந்தப் பகுதியைப் படிக்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பட்டத்தைப் பார்த்துவிடலாம். இந்தோனேசிய மொழியில் அது 'பஹ்லாவான் நாசியோனால்'. நம் ஊர்ப் பயில்வானும் இந்தப் பஹ்லாவானும் ஒரே பாரசீகச் சொல்லிலிருந்து வந்தவை. நம்மிடம் அது கோதாவில் இறங்கிவிட்டது, அங்கே தியாகியாக உயர்ந்துவிட்டது. இது ஜனாதிபதி கையெழுத்துப் போட்டுத் தரும் அரசுப் பட்டம். இறந்தவர்களுக்கு மட்டுமே உண்டு. 1959இல் எழுத்தாளரும் அரசியல்வாதியுமான அப்துல் முயிசுக்கு முதலில் கொடுத்தார்கள். இப்போது எண்ணிக்கை 200ஐத் தாண்டிவிட்டது. பெரும்பாலும் நவம்பர் 10, அதாவது வீரர் தினத்தையொட்டி அறிவிப்பார்கள். 1945இல் சுராபாயா நகரத்தில் பிரிட்டிஷ் படையை எதிர்த்து நடந்த சண்டையின் நினைவு நாள் அது. அந்தச் சண்டையில் வானொலியில் முழங்கி ஊரையே கிளப்பிவிட்டவர் பூங் தோமோ. சுராபாயாவில் சின்னப் பிள்ளைக்குக்கூட அவரைத் தெரியும். ஆனால் 1978இல் சுகார்த்தோ அரசு அவரையே பிடித்துச் சிறையில் போட்டது. 1981இல் ஹஜ் பயணத்தின்போது மெக்காவில் இறந்தார். பட்டம் வந்தது 2008இல். சுகர்ணோவின் கதை இன்னும் வேடிக்கை. 1986இல் அவருக்கும் முதல் துணை ஜனாதிபதி ஹத்தாவுக்கும் 'சுதந்திரப் பிரகடனம் செய்த வீரர்' என்று தனியாக ஒன்றைக் கொடுத்து ஒதுக்கி வைத்தார்கள். முழுத் தேசிய வீரர் ஆனது 2012இல்தான். ஆக, இந்தப் பட்டியலை ஆட்களின் உயரத்தை அளக்கும் கோலாக வைத்துக்கொண்டால் ஏமாந்துபோவீர்கள். எந்த அரசுக்கு எப்போது யார் தேவைப்பட்டார் என்பதுதான் அதில் பதிவாகியிருக்கிறது.

சுகர்ணோவை நீங்கள் விலக்கிவிட்டாலும் ஒரு சின்னச் செய்தி. சின்ன வயதில் அவர் பெயர் குஸ்னோ. அடிக்கடி நோயில் விழுந்த பிள்ளைக்குப் பெயர் ராசி சரியில்லை என்று அப்பா மாற்றி வைத்தாராம். நம் கர்ணன்தான். ஜாவா உச்சரிப்பில் கடைசி அகரம் ஒகரமாகி, முன்னால் 'நல்ல' என்ற பொருளில் 'சு' சேர்ந்து சுகர்ணோ ஆனார். இதை அவரே சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன கதைகளில் கொஞ்சம் மசாலா தூக்கலாகவே இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவரோடு சேர்ந்து 17 ஆகஸ்ட் 1945 அன்று பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் முகம்மது ஹத்தா. சுமாத்ராவின் புக்கிட்திங்கியில் 1902இல் பிறந்தவர், ராட்டர்டாமில் பொருளாதாரம் படித்தவர். டச்சுக்காரர்கள் நாடு கடத்தியபோது பெட்டி பெட்டியாகப் புத்தகத்தோடு போன மனிதர். நாடு விடுதலையாகாமல் கல்யாணம் இல்லை என்று சொல்லி, 1945 நவம்பரில் 43 வயதில் கல்யாணம் செய்துகொண்டார். கிரேக்கத் தத்துவம் பற்றித் தான் எழுதிய புத்தகத்தையே மணக்கொடையாகக் கொடுத்தார். சுகர்ணோவின் போக்கு ஒத்துவராமல் 1956 டிசம்பர் 1 அன்று துணை ஜனாதிபதி பதவியைத் தூக்கி எறிந்தார். ஜகார்த்தா விமான நிலையத்தில் மட்டும் இரண்டு பேர் பெயரும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஷாரிர் நாட்டின் முதல் பிரதமர், பதவிக்கு வந்தபோது வயது 36. இந்தியாவுக்கும் அவருக்கும் ஒரு கணக்கு உண்டு. 1946இல் நாம் உணவுப் பஞ்சத்தில் தவித்தபோது, டச்சு முற்றுகைக்குள் இருந்த அந்தப் புதுக் குடியரசின் சார்பில் ஐந்து லட்சம் டன் அரிசி தருவதாகச் சொன்னவர் அவர். மறு வருடம் ஒடிசாவின் பிஜு பட்நாயக் தானே விமானம் ஓட்டிப்போய் ஜாவாவிலிருந்து அவரை வெளியே கொண்டுவந்தார். பிற்பாடு சுகர்ணோவே ஷாரிரைக் கைது செய்தார். சிகிச்சைக்குப் போன இடத்தில், 1966 ஏப்ரலில், ஜூரிக் நகரத்தில், இன்னும் அரசியல் கைதியாகவே இறந்தார். அதே நாளில் அவரைத் தேசிய வீரராக அறிவித்தார் சுகர்ணோ. காலையில் கைதி, மாலையில் வீரர் என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் அமைதியாகிவிடுவார்கள்.

என்னை ஒரே ஒரு ஆளைச் சொல்லச் சொன்னால், 'தான் மலாக்கா' என்ற பெயர்கொண்டவரைச் சொல்வேன். 1897இல் மேற்குச் சுமாத்ராவில் பிறந்தவர். ஹாலந்தில் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வந்து, தெலி பகுதித் தோட்டங்களில் கூலிகளின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். தமிழர்களும் கூலிகளாகப் போன அதே தெலிதான், மேடான் நகரத்தைச் சுற்றிய புகையிலை நாடு. அங்கே பார்த்ததுதான் அவரை இடதுசாரி ஆக்கியது. 1921இல் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர், 1922இல் நாடு கடத்தல். அதன் பிறகு இருபது வருடம் மணிலா, காண்டன், ஷாங்காய், சிங்கப்பூர் என்று பெயரை மாற்றி மாற்றி வாழ்ந்தார். இந்தோனேசியக் குடியரசு என்ற வார்த்தையைத் தலைப்பிலேயே வைத்து ஒரு நூலை 1925இல் காண்டனில் இருந்தபடி எழுதினார். சுகர்ணோ கட்சி தொடங்குவதற்கு இரண்டு வருடம் முந்தி இது. 1926இல் கட்சி கிளர்ச்சிக்குத் தயாரானபோது நேரம் வரவில்லை என்று எதிர்த்தார். கிளர்ச்சி தோற்றது. பழி மட்டும் துரோகி என்று அவர் மேல் விழுந்தது. ஜப்பானியர் காலத்தில் ரகசியமாக ஊர் திரும்பி, இல்யாஸ் ஹுசைன் என்ற பெயரில் பாயா நிலக்கரிச் சுரங்கத்தில் குமாஸ்தா வேலை பார்த்தார். விடுதலைக்குப் பிறகு, டச்சுக்காரர்களோடு பேச்சுவார்த்தையே கூடாது, நூற்றுக்கு நூறு விடுதலை வேண்டும் என்றார். குடியரசு அரசு அவரை இரண்டு வருடம் உள்ளே வைத்தது.

1949 பிப்ரவரி 21 அன்று கிழக்கு ஜாவாவின் கெதிரி பகுதியில், எந்தக் குடியரசுக்காக எழுதினாரோ அதன் சிப்பாய்களே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டது குடியரசுப் படை என்பதும், இடம் செலோபாங்குங் கிராமம் என்பதும் டச்சு ஆய்வாளர் ஹாரி பூசெயின் பல வருட உழைப்பால் இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. ஆனால் 2009இல் அங்கே தோண்டி எடுத்த எலும்புகளின் மரபணுச் சோதனை திட்டவட்டமாக ஒன்றும் சொல்லவில்லை. 1963இல் சுகர்ணோ அவருக்குப் பட்டம் கொடுத்தார். சுகார்த்தோ வந்ததும் பட்டத்தைப் பறிக்கவில்லை. பாடப் புத்தகத்திலிருந்து ஆளை எடுத்துவிட்டார், அவ்வளவுதான். முப்பது வருடம் அவர் காகிதத்தில் வீரர், பள்ளிக்கூடத்தில் இல்லாத ஆள். சுகார்த்தோ பதவி இழந்த 1998க்குப் பிறகு இளைஞர்கள் அவரைத் தேடித் தேடிப் படித்ததற்கு அந்தத் தடையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கார்த்தினிக்கு நடந்தது நேர்மாறு. அவரைத் தெரியாத ஆளே அங்கே கிடையாது. ஏப்ரல் 21 வந்தால் பள்ளிப் பெண்கள் கெபாயா என்ற பாரம்பரிய மேல்சட்டை உடுத்தி வரிசையில் நிற்பார்கள், அவர் மேல் பாட்டுப் பாடுவார்கள். ஆனால் அவர் எழுதியதைப் படித்தவர்கள் குறைவு. 1879இல் ஜெப்பாரா பக்கம் ஒரு பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். டச்சுப் பள்ளியில் படிக்கவிட்டு, 12 வயதானதும் வழக்கப்படி வீட்டுக்குள் அடைத்தார்கள். உள்ளே இருந்தபடியே ஆம்ஸ்டர்டாமில் இருந்த ஒரு பெண்ணுக்கும் மற்றவர்களுக்கும் டச்சு மொழியில் கடிதம் எழுதினார். பெண் கல்வி பற்றி, பலதார மணம் பற்றி, ஒருவரோடொருவர் பேசவிடாத ஜாவா மேட்டுக்குடி மரியாதைகள் பற்றி. பட்டம் எதுவும் வேண்டாம், வெறுமனே கார்த்தினி என்று கூப்பிடு என்று அதில் எழுதுகிறார். ஹாலந்தில் படிக்க வேண்டும் என்று வருடக்கணக்கில் போராடி, உதவித்தொகை கிடைக்கும் நேரத்தில் அதை விட்டுக்கொடுத்துவிட்டு, ரியாவைச் சேர்ந்த சலீம் என்ற கெட்டிக்காரப் பையனுக்கு அதைக் கொடுங்கள் என்று சிபாரிசு செய்தார். அந்தப் பையன் ஏற்கவில்லை. பின்னாளில் குடியரசின் வெளியுறவு அமைச்சரான ஹாஜி ஆகுஸ் சலீம்தான் அவர். கார்த்தினி 1903இல் ஏற்கெனவே மனைவியர் இருந்த ரெம்பாங் ஆட்சியரைக் கல்யாணம் செய்துகொண்டார். 1904 செப்டம்பரில் பிள்ளை பெற்ற நான்காம் நாள், 25 வயதில் இறந்தார்.

சந்தேகம் இங்கேதான் வருகிறது. 1911இல் கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டவர் டச்சு அரசின் கல்வி அதிகாரியாக இருந்த அபெண்டனோன். அவர் வெட்டியும் ஒட்டியும்தான் போட்டார் என்பது உறுதி. அப்படியானால் கடிதங்களே அந்தப் பெண் எழுதியவைதானா என்று அங்கே சிலர் கேட்பதுண்டு. அபெண்டனோன் குடும்பத்துக்கு எழுதியவை வெட்டில்லாமல் 1987இல் வெளிவந்தபின் அந்தக் கேள்விக்கு வலுவில்லை. இன்னொரு கேள்வி நியாயமானது. ஏன் இவர் மட்டும்? தேவி சார்த்திகா 1904 ஜனவரியில் பாண்டுங்கில் பெண்களுக்குப் பள்ளியே திறந்தார். ஆச்சேயின் சுட் ஞா தியன் கணவன் விழுந்தபின் காட்டிலிருந்து வருடக்கணக்கில் டச்சுப் படையோடு மோதினார். பார்வை மங்கி நடக்க முடியாமல் போன நிலையில், பரிதாபம் தாங்காத சொந்த ஆளே காட்டிக்கொடுத்துத்தான் பிடிபட்டார். என் கணிப்பு என்னவென்றால், டச்சு மொழியில் எழுதிய ஒரு மேட்டுக்குடிப் பெண்ணைக் கொண்டாடுவது எல்லாருக்கும் சௌகரியமாக இருந்தது. காலனி அரசுக்கும்தான், அப்புறம் வந்த அரசுகளுக்கும்தான். கெபாயா அணிவகுப்பில் அந்தக் கடிதங்களின் கோபம் தெரியாது.

ஓவியத்தில் ஒன்றைப் பார்க்கச் சொல்வேன். 1825 முதல் 1830 வரை நடந்த ஜாவா போரில் டச்சுக்காரர்களைத் திணறடித்தவர் யோக்யகர்த்தா இளவரசர் திபோநெகோரோ. ஜாவா மக்களில் இரண்டு லட்சம் பேர் இறந்த போர் அது. 1830 மார்ச் 28 அன்று பேச்சுவார்த்தைக்கு என்று மகெலாங்குக்கு அழைத்து அவரைப் பிடித்தார்கள். டச்சு ஓவியர் பீனெமான் வரைந்த படத்தில் இளவரசர் படியில் கீழே, பணிந்தவராக நிற்கிறார். ஐரோப்பாவில் இருபது வருடத்துக்கு மேல் வாழ்ந்த ஜாவா ஓவியர் ராடன் சாலே 1857இல் அதே காட்சியைத் திரும்ப வரைந்தார். இதில் இளவரசர் நிமிர்ந்து நிற்கிறார், முகத்தில் கோபம் தெரிகிறது. டச்சு அதிகாரிகளின் தலைகள் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருக்கின்றன. அரக்கர்களை அப்படித்தான் காட்டுவார்கள், இது வேண்டுமென்று செய்த கிண்டல் என்கிறார்கள் சில கலை வரலாற்றாளர்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனாலும் அது நம் வாசிப்பு. உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். இந்தப் படத்தை அவர் டச்சு மன்னருக்கே பரிசாக அனுப்பினார். 1978இல்தான் அது இந்தோனேசியாவுக்குத் திரும்பியது.

எழுத்தில் பிரமுதியா அனந்தா தூர். இவருக்குத் தேசிய வீரர் பட்டம் இல்லை. 1925இல் ப்ளோராவில் பிறந்தவர், மூன்று அரசுகளின் சிறையையும் பார்த்தவர். டச்சுக்காரர்கள் உள்ளே வைத்தார்கள். சுகர்ணோ காலத்தில், இந்தோனேசியச் சீனர்களுக்காகப் பரிந்து ஒரு புத்தகம் எழுதியதற்கு உள்ளே போனார். 1965 அக்டோபரில் சுகார்த்தோவின் ராணுவம் பிடித்தது. வீட்டிலிருந்த நூலகமும் கையெழுத்துப் படிகளும் அழிந்தன. வழக்கு, விசாரணை எதுவும் இல்லாமல் பதினான்கு வருடம், அதில் பத்து வருடம் புரு தீவில். ஆரம்பத்தில் அங்கே எழுத அனுமதி இல்லாததால், மனதில் இருந்த நாவலைச் சக கைதிகளுக்கு வாயாலேயே சொன்னார். பிற்பாடு எழுதிய அந்த நான்கு நாவல்களில் முதலாவது 'பூமி மனுசியா'. தலைப்பை மொழிபெயர்க்காமலே நமக்குப் புரியும். 1980இல் வந்தது, மறு வருடம் தடை. அவர் நூல்களை விற்றதற்காக யோக்யகர்த்தாவில் மாணவர்கள் சிறைக்குப் போனார்கள். முதல் நாவலின் நாயகன் மின்கெயை, 'மேடான் பிரியாயி' என்ற பத்திரிகை நடத்திய தீர்த்தோ அதி சூர்யோ என்ற நிஜ மனிதரை வைத்து வார்த்தார். மறந்துபோயிருந்த அந்தப் பத்திரிகையாளர் 2006இல் தேசிய வீரர் ஆனார், எழுத்தாளர் இறந்த அதே வருடம்.

இவரைப் பற்றிய இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. அறுபதுகளின் தொடக்கத்தில் இடதுசாரிக் கலை அமைப்பான லெக்ராவில் செல்வாக்கோடு இருந்தபோது, மாற்றுக் கருத்துள்ள எழுத்தாளர்களைக் கடுமையாகத் தாக்கினார். 1995இல் மகசேசே விருது அவருக்கு அறிவிக்கப்பட்டதும், முன்பே அந்த விருதை வாங்கியிருந்த மோக்தார் லூபிஸ் தன்னுடையதைத் திருப்பிக் கொடுத்தார். மோக்தாரும் சுகர்ணோ காலத்தில் வருடக்கணக்கில் சிறையிருந்தவர். இந்தச் சண்டையில் ஒரு பக்கம் சாய எனக்கு மனம் வரவில்லை. கவிதைக்குச் சைரில் அன்வார் போதும். மேடானில் பிறந்து 1949இல் 26 வயதில் போய்விட்டார், எழுதியது எழுபது கவிதை அளவு. இன்னும் ஆயிரம் வருடம் வாழ வேண்டும் என்று எழுதிய அவருடைய வரியை அங்கே பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

விளையாட்டு என்றால் பேட்மிண்டன்தான். ரூடி ஹார்த்தோனோ ஆல் இங்கிலாந்து பட்டத்தை 1968 முதல் 1974 வரை தொடர்ந்து ஏழு முறை, 1976இல் இன்னொரு முறை என்று எட்டுத் தடவை வென்றார். ஆண்கள் ஒற்றையரில் அதை இன்னும் யாரும் தாண்டவில்லை. 1992 பார்சிலோனாவில் சுசி சுசாந்தி பெண்கள் ஒற்றையரில் தங்கம் வென்றார். நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கம். அதே நாளில் அலன் புதிகுசுமா ஆண்கள் பிரிவில் வென்றார். பின்னாளில் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். இந்த மூன்று பேரும் சீன வம்சாவளி என்பதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். சுகார்த்தோ காலத்தில் சீனர்கள் இந்தோனேசியப் பெயர் வைத்துக்கொள்ள நெருக்கப்பட்டார்கள். சீனப் புத்தாண்டைப் பொது இடத்தில் கொண்டாட முடியாது. நான் இந்தோனேசியக் குடிமகன்தான் என்று நிரூபிக்க மற்றவர்களுக்கு இல்லாத தனிச் சான்றிதழ் ஒன்றைக் காட்ட வேண்டும். 1998 மே மாதம் ஜகார்த்தாவில் சீனர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்த சில நாட்களிலேயே, அதே வம்சாவளி ஆட்டக்காரர்கள் பலர் இருந்த அணி ஹாங்காங்கில் ஆண்கள் அணிகளுக்கான தாமஸ் கோப்பையை நாட்டுக்காக வென்றது. அந்த அணியின் ஹெந்திராவான் 2001இல் உலகச் சாம்பியனானவர். குடியுரிமைத் தாளுக்காக அவர் அலைந்த அலைச்சல், ஜனாதிபதி மெகாவதி தலையிட்டபின்தான் முடிந்தது. சுமாத்ராவின் லாம்புங்கில் பிறந்த பயிற்சியாளர் தோங் சின் ஃபூவுக்கு அந்தத் தாள் கிடைக்கவே இல்லை. சீனாவுக்குத் திரும்பிப்போனார். அங்கே அவர் செதுக்கிய பையன், பின்னாளில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற லின் டான்.

ஒலிம்பிக்கில் அந்த நாட்டின் முதல் பதக்கம் 1988 சியோலில் வந்தது. வில்வித்தையில் மூன்று பெண்கள் வென்ற வெள்ளி. அவர்களை அங்கே 'மூன்று ஸ்ரீகாந்தி' என்பார்கள். நம் பாரதத்துச் சிகண்டிதான். ஜாவா நிழற்கூத்தில் அவள் பெண், வில்லாளி, அர்ஜுனனின் மனைவி.

அரசியலில் பிற்காலத்து ஆள் ஒருவர் வேண்டும் என்றால் குஸ் துர் என்ற அப்துர்ரஹ்மான் வாஹித். நாட்டின் மிகப் பெரிய முஸ்லிம் அமைப்பான நஹ்தலத்துல் உலமாவைத் தொடங்கியவரின் பேரன், கிட்டத்தட்டப் பார்வையிழந்த நிலையில் 1999இல் ஜனாதிபதி ஆனவர். நிர்வாகத்தில் சொதப்பினார், 2001இல் பதவி நீக்கினார்கள். ஆனால் சீனப் புத்தாண்டுத் தடையை 2000இல் எடுத்துப்போட்டவர் அவர்தான். எதற்கெடுத்தாலும் 'இதுக்குப் போய் எதுக்கு இத்தனை பாடு' என்று அவர் கேட்கும் வாசகம் இன்றும் அங்கே எல்லார் வாயிலும் இருக்கிறது.

கடைசியாக, நீங்கள் ஏற்கெனவே தெரியும் என்று சொன்ன சுகார்த்தோ. 1965 முதல் 1966 வரை கம்யூனிஸ்டுகள் என்ற பெயரில் நடந்த படுகொலையில் இறந்தவர்கள் ஐந்து லட்சத்துக்குக் குறையாது என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் கணக்கு. ராணுவத்தின் பங்கு பற்றியும் இன்று பெரிய சந்தேகம் இல்லை. அதற்குக் காரணமாகக் காட்டப்பட்ட, 1965 செப்டம்பர் 30 இரவு ராணுவத் தளபதிகளைக் கடத்திக் கொன்ற திட்டம் முழுக்க யாருடையது என்பதில்தான் இன்னும் விவாதம். 1966 மார்ச் 11 அன்று சுகர்ணோ அவருக்கு அதிகாரம் கொடுத்ததாகச் சொல்லப்படும் கடிதத்தின் அசலும் கிடைக்கவில்லை. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத பிரதிகள்தான் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவர் காலத்தில் விளைச்சலும் பள்ளிக்கூடங்களும் பெருகின, அதையும் சொல்ல வேண்டும்.

2025 நவம்பர் 10 அன்று, அவருடைய முன்னாள் மருமகனான ஜனாதிபதி பிரபோவோ பத்துப் பேருக்குத் தேசிய வீரர் பட்டம் கொடுத்தார். அதில் சுகார்த்தோ ஒருவர், குஸ் துர் ஒருவர். இன்னொருவர் மார்சினா. கிழக்கு ஜாவாவில் சிடோவார்ஜோ பக்கம் ஒரு கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்த்த 24 வயதுப் பெண். 1993 மே மாதம், தினக்கூலியை 1,700 ரூபியாவிலிருந்து 2,250 ஆக்கச் சொல்லி நடந்த வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றார். சக தொழிலாளர்களை ராணுவ முகாமுக்கு அழைத்துப்போய் ராஜினாமாவில் கையெழுத்து வாங்கியதைக் கேட்க அன்றைக்கு மாலை கிளம்பினார். சில நாள் கழித்து அவர் உடல்தான் கிடைத்தது. ஜனாதிபதி நாற்காலியில் அப்போது சுகார்த்தோ இருந்தார். தண்டிக்கப்பட்டவர்களை 1995இல் உச்ச நீதிமன்றம் விடுவித்துவிட்டது. ஆக, பட்டம் வாங்கிய அன்றைக்கும் அவருடைய கொலை வழக்கில் குற்றவாளி என்று யாரும் இல்லை.